காசு, கஞ்சி, கறி, கூலி

போன கிழமை ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி ஒன்றை அனுப்பியிருந்தான். 'ஆங்கிலத்தின் தாய் தமிழே' என்று தலைப்பு. கீழே ஐம்பது அறுபது சொற்கள். கொல் என்பதிலிருந்து கில் வந்ததாம். எட்டிலிருந்து எயிட் வந்ததாம். ஒன்றிலிருந்து வன் வந்ததாம். பிறகு காசு, கஞ்சி, கறி, கூலி. கடைசியில் 'தமிழனாய் இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு' என்று ஒரு கட்டளை வேறு.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து இரவுக் கூட்டம் தொடங்கும் வரை எங்கள் குசினிக்கு இரண்டு மணித்தியாலம் ஓய்வு. பின்கதவுக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் குந்தியிருந்துதான் இதை வாசித்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. ஏனென்றால் இதே மாதிரிப் பட்டியல் ஒன்றை இருபது வருடத்துக்கு முன் மின்னஞ்சலில் வாசித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அச்செடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தவனே நான்தான். (அங்கே படித்து முடிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியதோடு என் படிப்பும் பூட்டிக்கொண்டது. அது வேறு கதை.)

இப்போது கேட்டால் அந்தப் பட்டியலில் முக்கால்வாசி சும்மா கதை என்பேன். எழுத்து ஒத்துப்போனால் உறவு என்று சொல்லிவிட முடியாது. ஒரு சொல் யாருடைய பிள்ளை என்று அறிய அதன் அண்ணன் தம்பியைக் கேட்க வேண்டும். எயிட் என்பதன் சகோதரங்கள் ஜேர்மன் மொழியில் ஆக்ட், இலத்தீனில் ஒக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. எங்கள் எட்டின் சகோதரம் கன்னடத்தில் எண்டு. எண்பது, எண்ணூறு என்று நாங்களே சொல்கிறோம். எட்டுக்கு அடியில் கிடப்பது எண். இரண்டு குடும்பமும் வேறு வேறு. தெருவில் போகும்போது ஒரே சாடை முகமுடைய இருவரைப் பார்ப்பதில்லையா, அது மாதிரித்தான் எட்டும் எயிட்டும்.

ஆனால் பட்டியலின் கடைசியில் இருந்த நாலு சொல்லும் அப்படியில்லை. அவை உண்மையாகவே எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறியவை. நாலும் சின்னச் சொற்கள். நாலும் ஆங்கிலத்தில் சி என்ற எழுத்தில் தொடங்குபவை. நாலும் நான் வேலை செய்யும் இடத்தில் நாளாந்தம் புழங்குபவை. அவற்றின் கதை அந்தப் பட்டியலை விட எவ்வளவோ சுவையானது, கடைசிச் சொல்லின் கதை நெஞ்சை அறுப்பதும்கூட. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் காசு.

ஆங்கிலத்தில் சி, ஏ, எஸ், எச் என்ற நாலு எழுத்தில் இரண்டு சொற்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இன்று உலகம் முழுக்கப் பணம் என்ற பொருளில் சொல்லும் காஷ். அது எங்களுடையது அல்ல. பிரெஞ்சில் கேஸ், இத்தாலியில் காஸா என்று பெட்டிக்குப் பெயர். பணம் வைக்கும் பெட்டியைக் குறித்த சொல் பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தையே குறிக்கத் தொடங்கியது. மற்றக் காஷ்தான் எங்களுடையது. சின்னச் செப்புக் காசைப் போர்த்துக்கேயர் கைஷா என்று வாயில் போட்டு மென்றார்கள். ஆங்கிலேயர் அதை வாங்கித் தங்களிடம் ஏற்கனவே இருந்த காஷ் மாதிரியே எழுதிவிட்டார்கள். 1818 வரை மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் வெள்ளைக்காரர் இந்தப் பெயரையே வைத்தார்கள். பழைய நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அதைக் காஷ் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, மச்சானின் பட்டியல் பாதி சரி, பாதி பிழை. எங்கள் காசு ஆங்கிலத்துக்குள் போனது உண்மை. ஆனால் லாச்சிக்குள் இருக்கும் டொலரைக் காட்டி 'இது எங்கட சொல்' என்று சொன்னால் அது பொய்.

அடுத்தது கஞ்சி.

இதற்கும் ஒரு இரட்டை உண்டு. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் கஞ்சி என்று உச்சரிக்கத் தோன்றும் ஒரு சொல் வரும். குனிந்து வணங்கி விடைபெறுவது என்று அதற்குப் பொருள். அது பிரெஞ்சிலிருந்து வந்தது, எங்கள் சட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் கஞ்சி வேறு வழியால் போனது. 1563இல் கோவாவில் தன் நூலை வெளியிட்ட கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கேய வைத்தியர், நோயாளிக்குக் கொடுக்கும் அரிசித் தண்ணீராக இதைக் குறிப்பிட்டார். போர்த்துக்கலில் இன்று கோழி சூப்புக்குப் பெயர் கான்ஜா. ஆங்கிலத்துக்குள் வந்த கஞ்சி சீனர்களின் அரிசிக் கஞ்சிக்கும் பெயராகிவிட்டது. இங்கே நியூ ஜேர்சியில் எந்தச் சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் ஆங்கில மெனுவில் கஞ்சி என்று இருக்கும். கன்ரன் மொழியில் அவர்கள் அதற்கு ஜூக் என்பார்கள். ஒரு சீனர் தன் பாட்டியின் சாப்பாட்டை அமெரிக்கருக்கு எங்கள் சொல்லைச் சொல்லி விற்கிறார். அவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இன்னொரு அர்த்தமும் அந்தச் சொல்லுக்கு இருந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்தில் குற்றம் செய்த சிப்பாய்களை அடைக்கும் அறைக்குக் கஞ்சி வீடு என்று பெயர். உள்ளே இருப்பவனுக்குக் கஞ்சிதான் சாப்பாடு என்பதால். இந்தத் தகவல் ஹொப்சன்-ஜொப்சன் என்ற அகராதியில் இருக்கிறது. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பேர்னல் என்பவரும் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்தது. (பேர்னல் பாவம், புத்தகம் வருமுன் 1882இல் இறந்துவிட்டார்.)

கஞ்சிக்கு எங்களிடம் இன்று என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009க்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிறோம். எந்த அகராதியும் அதை இன்னும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

இனிக் கறி.

ஆங்கிலத்தில் கறிக்கு ஒன்றல்ல, இரண்டு இரட்டைகள். குதிரையைத் தேய்த்துத் துப்புரவாக்குவதற்கும் தோல் பதனிடுவதற்கும் அதே எழுத்துகளில் ஒரு கறி இருக்கிறது. அது பழைய பிரெஞ்சுச் சொல். பெரியவர்களுக்குக் காக்காய் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் வரும் கறி என்ற வழக்கும் அந்தக் குதிரைக் கறிதான், சாப்பாட்டுக் கறி அல்ல. இரண்டாவது இரட்டைதான் பலரை ஏமாற்றியது. 1390 அளவில் இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சார்ட் மன்னனின் சமையற்காரர் தொகுத்த சமையல் ஏடு ஒன்று இருக்கிறது. அதன் பெயரில் கியூரி என்று வருகிறது. எழுத்தில் பார்த்தால் கறியேதான், ஒரு ஆர் மட்டும் குறைவு. 'பார்த்தீர்களா, கறி எங்கள் சொந்தச் சொல்' என்று சில ஆங்கிலேயரும் கிளம்பினார்கள். (எங்கள் மச்சான்மார் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலும்!) அது சமையல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல். சமையற்காரனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வம்சம். போர்த்துக்கேயர் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன குசினியும் அதே வம்சம்தான். ஆகவே ரிச்சார்ட் மன்னனின் கியூரிக்கு எங்கள் கறி உறவில்லை, எங்கள் குசினி உறவு. உறவு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

எங்கள் கறி ஆங்கிலத்துக்குள் போன வழியில் எங்கள் ஊரும் கொஞ்சம் வருகிறது. கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தரின் பயணநூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தது. சோற்றின் மேல் ஊற்றும் புளிப்பான மீன்குழம்பைப் பற்றி அதில் கறியெல் என்ற மாதிரி ஒரு சொல் வருகிறது. அதற்குப் பின் 1681இல் லண்டனில் வந்த ரொபேர்ட் நொக்ஸின் இலங்கைப் புத்தகம். பழங்களைக் காயாகவே பறித்துக் கறி வைத்துச் சோற்றுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதிவிட்டு, கறி என்பது போர்த்துக்கேயச் சொல் என்கிறார்!

நொக்ஸ் யார்? 1660இல் அவர் வந்த கப்பல் கொட்டியாரத்தில் நின்றபோது தகப்பனோடும் மற்ற மாலுமிகளோடும் கண்டி ராசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். அப்போது அவருக்கு வயது 19. அடுத்த வருடமே தகப்பன் இறந்துபோனார். சிறைக்கூடம் இல்லை, ஆனால் நாட்டை விட்டுப் போக முடியாது. தொப்பி பின்னி விற்றார், ஊர் ஊராகச் சாமான் விற்றார். 1679இல், 38 வயதில், ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு வியாபாரிகள் போல வேடம் போட்டு அனுராதபுரம் வரை வந்து, அங்கிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். நாங்கள் அந்த ஆற்றை அருவி ஆறு என்போம், சிங்களத்தில் மல்வத்து ஓயா.

நான் முருங்கன் பக்கத்து ஆள். சமாதான காலத்தில் ஒருமுறை நண்பர்களோடு சைக்கிளில் அரிப்புக்குப் போயிருக்கிறேன். சனம் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிந்த கட்டிடம் ஒன்று கடலோரத்தில் நிற்கிறது. அது கோட்டையல்ல, பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. உண்மையான பழைய கோட்டை கொஞ்சம் தள்ளிச் சின்னதாய்க் கிடக்கிறது. கறியை ஆங்கிலத்தில் எழுதிய மனிதன் அந்த வாசலில்தான் களைத்து வந்து நின்றான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். பிறகு நாங்களும் வேடம் போட்டும் போடாமலும் அந்தக் காடுகளால் ஓடியவர்கள்தானே.

1747இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் புத்தகத்தில் கறி செய்முறை வந்துவிட்டது. அதற்குப் பின் கறியின் அர்த்தம் வீங்கத் தொடங்கியது. சங்ககாலத்தில் கறி என்றால் மிளகு. எங்களுக்குச் சோற்றோடு சேர்வது, மரக்கறியோ மீன்கறியோ. தமிழ்நாட்டுக்காரருக்கு இறைச்சி. ஓக் ட்ரீ றோட்டுக்குச் சாப்பிட வரும் அமெரிக்கருக்கோ மஞ்சளாக, குழம்பாக இருக்கும் எல்லாமே கறி. நான் திருத்தப் போவதில்லை. வாங்கிச் சாப்பிட்டால் சரி.

கடைசிச் சொல் கூலி.

இதற்கும் ஒரு இரட்டை இருக்கிறது, ஆனால் இந்த முறை இரண்டையும் பிரித்தெடுக்க ஒருவராலும் முடியவில்லை. குஜராத்தில் கோலி என்று ஒரு சமூகம். அந்தப் பெயரிலிருந்துதான் இது வந்தது என்கிறார்கள் ஒரு சாரார். தமிழ்க் கூலிதான் மூலம் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன என்பவர்களும் உண்டு. எனக்கு அந்த மூன்றாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

எது எப்படியோ, பிரித்தானியர் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டார்கள். அடுத்த வருடமே மொரிசியஸ் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றத் தொடங்கியாயிற்று. 1838இல் கயானா. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பனில் ஆட்களை இறக்கியது. 1879இல் பிஜி. இத்தனை கப்பலிலும் ஏறியவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரே பெயர்தான். தென்னாபிரிக்காவில் காந்தியைக்கூடக் கூலி பாரிஸ்டர் என்றார்கள். நான் இருக்கும் இந்த நாட்டிலும் 1862 பெப்ரவரியில், ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்றின் தலைப்பிலேயே எங்கள் சொல் இருக்கிறது. அமெரிக்கக் கப்பல்கள் கூலி வியாபாரத்தில் ஈடுபடக் கூடாது என்ற சட்டம். அதே வருடம் கலிபோர்னியா, கூலி எதிர்ப்புச் சட்டம் என்ற பெயரில் சீனத் தொழிலாளர் மேல் மாதம் 2.50 டொலர் வரி போட்டது. அங்கே கூலி என்றால் சீனன்.

இலங்கைக்கு வந்தவர்கள் ஒப்பந்தத்தில் அல்ல, கங்காணிமாரோடு வந்தார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். நொக்ஸ் தப்பி ஓடிவந்த அதே வன்னிக் காட்டுப் பக்கம்தான், எதிர்த் திசையில். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழிநெடுக விழுந்து செத்தவர்களுக்குக் கணக்கில்லை. நொக்ஸுக்குப் புத்தகம் இருக்கிறது. இவர்களுக்கு இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களின் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்கள் ஆக்கியது.

எங்கள் குசினியில் கயானாக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். என்னைவிட மூத்தவர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் மதராஸிலிருந்து போனவராம். தமிழில் ஒரு சொல் தெரியாது, மாரியம்மனைத் தெரியும். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது நான் வாய்தவறி, கூலி எங்கள் மொழிச் சொல் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்காக அடிபட்டிருக்கிறாராம், அடித்தும் இருக்கிறாராம். கரிபியன் பக்கம் அது அவ்வளவு கெட்ட வசவு.

"உங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"வேலை செய்தவனுக்குக் கொடுக்க வேண்டிய பணம்" என்றேன்.

"ஆளில்லையா?"

"ஆளில்லை. ஆளுக்குக் கொடுப்பது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்படியென்றால் அதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, பெயரை மட்டும் எங்களுக்கு வைத்திருக்கிறார்கள்" என்றார்.

நான் வாசித்த எந்த அகராதியிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. கயானாவில் பிறந்து, இதே நியூ ஜேர்சியில் ஜேர்சி சிற்றியில் வளர்ந்த கையூத்ரா பகதூர் என்ற பத்திரிகையாளர், 1903இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய தன் பூட்டியைப் பற்றி 2013இல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பிலேயே அந்தச் சொல்லைத் தெரிந்தே வைத்தார். அதை அவருக்குச் சொன்னேன். நூலகத்தில் எடுத்து வாசிக்கிறார்.

எங்களைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான எழுத்தாக இருக்காது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகச் சனம் பலர் வன்னிக்கு வந்து குடியேறினார்கள். எங்கள் பக்கத்து வயல்களில் அரிவி வெட்டுக்கு அவர்களும் வருவார்கள், என் அப்பாவும் போவார். ஒரே வயல், ஒரே வெயில், பின்னேரம் ஒரே அளவு கூலி. ஆனால் ஊரில் அப்பா 'கூலிக்குப் போனவர்', அவர்கள் 'கூலிகள்'. வெள்ளைக்காரன் திருப்பிப்போட்ட அர்த்தம் திரும்பி வந்து எங்கள் வாயிலும் குந்திக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. சின்ன வயதில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அப்பா ஒருமுறை அதற்காக அடித்தார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

இங்கே வந்த புதிதில் நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஆறு கிழமைச் சம்பளம் தராமலே அனுப்பினார்கள். பேப்பர் இல்லாத காலம், யாரிடம் போய்க் கேட்பது? அப்போதுதான் அந்த அடி கொஞ்சம் விளங்கியது.

மச்சானுக்கு அந்தப் பட்டியலை வெட்டி, நாலே நாலு சொல்லை மட்டும் வைத்து, இந்தக் கதைகளைச் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். "அப்ப எயிட் எங்கட இல்லையோ?" என்று மட்டும் பதில் வந்தது. இல்லையடா. அது போனால் போகட்டும். ஆங்கிலத்துக்கு நாங்கள் தாயாக இருந்து என்ன காணப்போகிறோம்? அதற்குள் போய்க் காயப்பட்டு நிற்கும் நம் சொல் ஒன்றுக்கு உண்மையான அர்த்தம் தெரிந்தவர்களாக இருந்தால் போதாதா?

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சம்பள உறை கைக்கு வந்ததும் அந்தக் கயானா அண்ணை அதை எனக்குத் தூக்கிக் காட்டி "கூலி" என்கிறார்.

உச்சரிப்பு அச்சொட்டாக எங்கள் அப்பாவின் உச்சரிப்பு.